சஸ்பென்ஷன் வேலையில் பழைய போல்ட்டையே திரும்பப் போடலாமா?

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2013 மாடல் ஸ்விஃப்ட், ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. வேகத்தடையிலும் தோட்டத்துக்குப் போகும் இட்டேரியிலும் முன்பக்கம் டொக் டொக் என்று சத்தம். லோயர் ஆர்ம் (சக்கரத்தைப் பாடியோடு சேர்க்கும் கீழ்க் கை), ஷாக் அப்சார்பர், ஸ்டெபிலைசர் லிங்க் எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் வாங்கி வைத்துவிட்டார். மாமன் மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் களத்திலேயே மாட்டிவிடலாம் என்று திட்டம். தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர், "பழைய போல்ட்டே போதும், நல்லா முடுக்கினாச் சரி" என்று சொல்லியிருக்கிறார். அது சரியா, டார்க் ரெஞ்ச் (வைத்த அளவுக்கு முறுக்கு விசை, அதாவது டார்க், வந்ததும் காட்டிக்கொடுக்கும் ஸ்பேனர்) வாங்கித்தான் ஆக வேண்டுமா என்பது அவர் கேள்வி.

தம்பி, சில நட்டுகள் கட்டாயம் புதிது. சிலவற்றைச் சோதித்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடலாம். டார்க் ரெஞ்ச் கட்டாயம் வேண்டும். இதோடு நீங்கள் கேட்காத இன்னொரு விஷயமும் இருக்கிறது: வண்டி எந்த நிலையில் நிற்கும்போது எந்த போல்ட்டைக் கடைசியாக முடுக்குவது என்பது. புது ஆர்ம் போட்டும் கொஞ்ச நாளிலேயே அதன் ரப்பர் புஷ் கிழிந்துவிட்டது என்று வருகிற வண்டிகளில் பலவற்றில் கோளாறு அங்கேதான் நடந்திருக்கும். எனக்குக் கேட்டால், அதுதான் இந்த வேலையின் உயிர்.

முதலில் போல்ட் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். ஓட்டைக்குள் குறுக்கே நின்று சுமை தாங்குவதுதான் அதன் வேலை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஷாக் அப்சார்பரின் அடிப்பகுதியை நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் இரும்பு) சேர்க்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளைப் பாருங்கள். ஓட்டை, போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். அந்த இரண்டு இரும்பையும் நழுவவிடாமல் நிறுத்துவது, போல்ட் நெருக்குவதால் இரண்டு முகங்களுக்கும் நடுவே வரும் உராய்வு. நட்டை முடுக்க முடுக்க போல்ட் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்புதான் பாகங்களைக் கவ்விப் பிடிக்கிறது. 10.9 தரத்தில் ஒரு எம்12 (12 மில்லிமீட்டர் தடிமன்) போல்ட்டைச் சரியாக முடுக்கினால் ஐந்தாறு டன் அளவுக்கு இழுத்துப் பிடிக்கும். அந்த இழுப்பு குறைந்துபோனால் பாகம் ஒவ்வொரு குழியிலும் துளித் துளியாக நகரும், சத்தம் வரும், ஓட்டை நீள்வட்டமாகத் தேயும், சக்கரத்தின் சாய்வு மாறும். போல்ட் உடைவது இதற்கெல்லாம் பிறகுதான்.

சரி, நட்டைத் திருப்ப நாம் கொடுக்கும் பலம் எல்லாம் அந்த இழுப்பாக மாறுகிறதா? இல்லை. ஏறக்குறைய பாதி, நட்டின் அடிமுகம் உரசுவதிலேயே போய்விடும். கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் மரைகளின் உராய்வில் போகும். மிச்சம் பத்து சதவீதம் போலத்தான் போல்ட்டை நீட்டுகிறது. உராய்வு கொஞ்சம் மாறினாலும் இழுப்பு பெரிதாக மாறுவதற்கு இதுதான் காரணம். மரையில் துரு இருந்தால், ரெஞ்ச் 100 நியூட்டன் மீட்டர் என்று 'கிளிக்' கொடுத்துவிடும், ஆனால் போல்ட் நீண்டிருக்காது. மரையில் கிரீஸ் தடவியிருந்தால் அதே 100க்கு போல்ட் அளவுக்கு மீறி நீண்டிருக்கும். பட்டறைக்காரரின் கைப்பக்குவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கைக்குத் தெரிவது உராய்வு மட்டும். போல்ட் எவ்வளவு நீண்டது என்று எந்தக் கைக்கும் தெரியாது.

நம்ம பக்கத்துக்கென்று இதில் இன்னொன்றும் உண்டு. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் தொழில் கற்ற பல மெக்கானிக்குகள் லாரியிலும் போர்வெல் ரிக்கிலும் கை பழகியவர்கள். அங்கே ஸ்பேனருக்குப் பின்னால் பைப் செருகி முடுக்குவது சாதாரணம். அந்தப் போல்ட்டுகளின் கனம் அப்படி. அதே கை காரின் எம்10 போல்ட்டுக்கு வரும்போதுதான் சிக்கல். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 சென்டிமீட்டர் ஸ்பேனரை 25 கிலோ பலத்தில் இழுத்தால் 73 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். 8.8 தரத்து எம்10 போல்ட் பொதுவாக 50க்குள் முடுக்க வேண்டியது. பைப்பே தேவையில்லை, வெறும் ஸ்பேனரிலேயே அதை இழுத்துக் கெடுத்துவிடலாம்.

இப்போது எது புதிது, எது பழையது என்ற கேள்விக்கு வருவோம்.

வாய்ப்பகுதியில் நைலான் வளையம் வைத்த நைலாக் நட் எதுவாக இருந்தாலும் கழட்டினால் குப்பைக்குத்தான். மரை அந்த நைலானை ஒரு முறை வெட்டிப் போய்விட்டால் அடுத்த முறை பிடிப்பு குறைந்துவிடும். கழட்டிய நட்டை மறுபடி போல்ட்டில் விரலாலேயே நைலானைத் தாண்டித் திருகிக்கொண்டு போக முடிந்தால், அதில் பூட்டும் சக்தி ஒன்றும் மிச்சமில்லை. நைலான் இல்லாமல், வாயை மட்டும் லேசாக நசுக்கி வைத்த இரும்பு லாக் நட்டும் இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் சாதாரண நட் போலத்தான் தெரியும். நட்டின் மேல்பக்கத்தை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், வட்டம் முழுசாக இல்லாமல் ஒரு பக்கம் அமுங்கியிருக்கும். அதுவும் புதிதுதான். லிங்க் நட்டுகளும் ஷாக் அப்சார்பர் தண்டின் உச்சி நட்டும் பெரும்பாலும் இந்த ஜாதி. புது லிங்க் பெட்டியிலேயே நட்டும் வந்திருக்கும். வந்திருந்தால் அதையே போடுங்கள்.

நட் கழலாமல் குறுக்கே செருகி மடக்கும் ஸ்பிளிட் பின் எப்போதும் புதிது. ஸ்டீயரிங்கை நக்கிளோடு சேர்க்கும் டை ராட் எண்டைக் கழட்ட நேர்ந்தால் அதில் இது இருக்கக்கூடும். கேசில் நட்டை (தலையில் வெட்டுகள் உள்ள நட்) சொன்ன அளவுக்கு முடுக்கிய பிறகு பின் ஓட்டை நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் முடுக்கி அடுத்த வெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஓட்டைக்காக நட்டைப் பின்னால் தளர்த்தக் கூடாது. கூம்பு வடிவத் தண்டின் டேப்பர் பிடிப்பு விட்டுப் போகும்.

லோயர் ஆர்மின் பால் ஜாயிண்டை (உருண்டை மூட்டு) நக்கிளில் கவ்விப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டைப் பொறுத்தவரை எனக்கு இரண்டு யோசனை கிடையாது. புதிது போடுங்கள். பால் ஜாயிண்ட் தண்டில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும், அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் இந்த போல்ட் போகும். தண்டு முழுசாக உள்ளே ஏறாமல் இருக்கும்போது போல்ட்டைச் சுத்தியால் தட்டி ஏற்றினால் மரை நசுங்கும், பிடிப்பும் பாதியோடு நிற்கும். போல்ட் விரலாலேயே எதிர்ப்பக்கம் வரைக்கும் போக வேண்டும். போகவில்லை என்றால் தண்டை இன்னும் மேலே தள்ளுங்கள். இந்த ஒரு போல்ட் போனால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். அதன் விலையைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

சர்வீஸ் மேனுவலில் டார்க் அளவுக்குப் பின்னால் ஒரு கோணமும் போட்டிருந்தால், உதாரணமாக இத்தனை நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் 90 டிகிரி என்று இருந்தால், அந்த போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். அவற்றில் பலவும் நிரந்தரமாக நீளும் எல்லை வரை இழுத்து முடுக்குபவை. மேனுவலே 'திரும்பப் பயன்படுத்தாதே' என்று சொல்லும் இடத்திலும் வாதம் வேண்டாம்.

மீதி இருப்பவை, தலையோடு அகன்ற அடிமுகம் சேர்ந்த சாதாரண போல்ட்டுகள். மேனுவல் தடுக்கவில்லை என்றால் இவற்றைச் சோதித்துவிட்டுப் போடலாம். சோதிப்பது இப்படி. கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, துணியால் துடைத்து, கையில் எடுத்துப் பாருங்கள். மரை இல்லாத உடம்புப் பகுதி புஷ்ஷின் இரும்புக் குழாய்க்குள் இருந்த இடத்தில் துரு அரித்துக் குழி விழுந்திருக்கிறதா? நகத்தை அதன் மேல் இழுத்தால் தடுக்கும் அளவுக்குக் குழி இருந்தால் போல்ட் முடிந்தது. அடுத்து, ஒரு நல்ல நட்டை விரலால் மரையின் கடைசி வரை ஓட்டுங்கள். பாதி வழி சுகமாகப் போய், ஓர் இடத்தில் மட்டும் இறுகி, அதைத் தாண்டியதும் மறுபடி சுகமானால், அந்த இடத்தில் மரைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறிவிட்டது. போல்ட் அங்கே நீண்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு புது போல்ட்டை மரையோடு மரை ஒட்டி வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணாலேயே பார்க்கலாம். ஆரம்பத்தில் பல்லுக்குப் பல் பொருந்தும், போகப்போக விலகும்.

புதிது வாங்கும் இடத்தில்தான் அடுத்த தவறு நடக்கும். அந்த வண்டிக்கான போல்ட்டைச் சேசிஸ் நம்பர் கொடுத்து, பார்ட் நம்பர் பார்த்து, ஸ்பேர் கடையில் வாங்குங்கள். கோவையிலும் ஈரோட்டிலும் ஒரு நாள் முன்னால் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள். பொது ஹார்டுவேர் கடையில் எடை போட்டுத் தரும் போல்ட்டை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். முதல் காரணம் பிட்ச். ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் எம்12 போல்ட்டில் மரைக்கு மரை 1.75 மில்லிமீட்டர். மாருதி போன்ற ஜப்பான் வழி வண்டிகளில் எம்12 பெரும்பாலும் 1.25. சக்கர நட்டிலேயே இதைப் பார்க்கலாம். மாருதிக்கு 1.25, ஹூண்டாய்க்கு 1.5. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று போய்ப் பிடிக்கும். அங்கேயே நிறுத்தினால் பிழைத்தீர்கள், ஸ்பேனரால் ஓட்டினால் மரை போச்சு.

இரண்டாவது காரணம் தரம். போல்ட் தலையில் 8.8, 10.9, 12.9 என்று ஏதாவது பொறித்திருக்கும். முதல் எண்ணை 100ஆல் பெருக்கினால் அறுந்து போகும் வலிமை, மெகா பாஸ்கலில். புள்ளிக்குப் பின்னால் உள்ளது, அதில் எத்தனை பங்கு வரை நீண்டு திரும்பச் சுருங்கும் என்பது. 8.8 என்றால் 800, அதில் 80 சதவீதம், அதாவது 640 வரை தாங்கும். 10.9 என்றால் 1000, அதில் 900. 10.9 இருந்த இடத்தில் 8.8 போட்டு 10.9க்கு உண்டான டார்க் கொடுத்தால் அது நீண்டுவிடும். அப்படியானால் 12.9 போட்டால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பார்கள். வேண்டாம். அது அதிகக் கடினம், முலாம் பூசிய 12.9 போல்ட் ஈரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் விரிசல் விட்டு உடையும் ஆபத்து உண்டு. துருப்பிடிக்காதே என்று ஸ்டெயின்லெஸ் போடுவதும் தவறு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் போல்ட்டின் வலிமை 700தான், அதில் 450ஐத் தாண்டினாலே நீள ஆரம்பித்துவிடும்.

மூன்றாவது, மரை இல்லாத உடம்பின் நீளம். தலை முதல் கடைசி வரை மரை வெட்டிய போல்ட்டை புஷ்ஷுக்குள் விட்டால், குழாய்க்குள் மரை முனைகள்தான் உட்கார்ந்திருக்கும். கோவையில் எந்தச் சந்துக்குள் போனாலும் லேத் இருக்கிறது, ஒரு போல்ட் கடைந்து வாங்கிவிடலாமே என்று தோன்றும். நம்ம ஊர் லேத்துக்காரர்கள் கடையாத சாமான் இல்லை, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் 10.9 போல்ட்டின் வலிமை அதன் உருக்கையும் அதற்குக் கொடுத்த சூட்டுப் பக்குவத்தையும் பொறுத்தது. மரையும் உருட்டி அழுத்தி எடுத்தது. கம்பியில் கடைந்து மரை வெட்டியதில் இவை வராது. உக்கடம் பழைய சாமான் கடைகளில் கதவும் கண்ணாடியும் வாங்கலாம், சஸ்பென்ஷன் போல்ட் வாங்க வேண்டாம். அது எத்தனை முறை முடுக்கியது என்று யாருக்கும் தெரியாது.

கழட்டும் வேலைக்கு முந்தைய நாளே தயாராகுங்கள். நம்ம பக்கம் கடற்காற்று இல்லாவிட்டாலும் அடிப்பக்கம் துரு பிடிப்பது குறைவில்லை. உப்பு ஏறிய போர்த் தண்ணியில் வண்டி கழுவி, அப்படியே வெயிலில் காயவிட்டால் போல்ட் முனைகளில் வெள்ளை படியும், அதற்கடியில் அரிக்கும். சனிக்கிழமை பொழுதோட எல்லா நட்டின் பின்னாலும் தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து விடுங்கள். காலையில் இன்னொரு முறை. நட் திரும்பும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துருமரைதான் அதைக் கெடுக்கும், அதனால் அந்த பிரஷ் வேலையைத் தவிர்க்காதீர்கள். லோயர் ஆர்ம் போல்ட்டில் நட் கழன்று வந்தும் போல்ட் வராமல் அடம்பிடித்தால், அது புஷ்ஷின் உள்குழாயோடு துருவில் ஒட்டியிருக்கிறது. ஆர்மை எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள், அறுத்து எடுக்கலாம். ஆனால் புது போல்ட் கையில் இருந்தால்தான் அறுக்க வேண்டும். போல்ட், பாடியில் பற்றவைத்த நட்டுக்குள் சுழன்றாலோ மரை பிய்ந்து வந்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டுப் பட்டறைக்குச் சொல்லுங்கள். மரையைப் புதுப்பிக்க அவர்களிடம் வழி இருக்கிறது. வீட்டில் அதோடு மல்லுக்கட்டினால் செலவுதான் கூடும்.

வண்டியைத் தூக்கும் முன் இரண்டு காரியம். முதலாவது பாதுகாப்பு. ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது, இரண்டு பக்கமும் ஜாக்கி ஸ்டாண்டு வேண்டும். சிமெண்ட் போட்ட களம் என்றால் நல்லது. செம்மண் வாசல் என்றால் கனமான பலகை போட்டு அதன் மேல் ஸ்டாண்டு வையுங்கள். ஹாலோ பிளாக் முட்டு கொடுக்கவே வேண்டாம், சுமையில் அது முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல். இரண்டாவது, நான்கு சக்கரமும் தரையில் நிற்கும்போது, முன் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து, இரண்டு பக்க அளவையும் எழுதி வையுங்கள். இது எதற்கு என்று கீழே தெரியும்.

ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள மறுபக்கம் கழட்டாமல் இருக்கும். பிரேக் காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். நக்கிளை வெளிப்பக்கம் அதிகம் இழுத்தால் டிரைவ் ஷாஃப்ட் கியர்பாக்ஸ் பக்கம் கழன்றுவிடும், கவனம். ஷாக் அப்சார்பர் போல்ட்டுகளில் ஒன்றின் கழுத்து நடு விலகி இருந்தால் அது சாய்வு சரிசெய்யும் கேம் போல்ட். கழட்டுமுன் அதன் தலை நின்ற நிலையைப் பெயிண்டால் குறித்துவிடுங்கள்.

நீங்கள் வாங்கியிருப்பது ஷாக் அப்சார்பர் மட்டும் என்றால் பழைய ஸ்பிரிங்கைக் கழட்டி இதில் ஏற்ற வேண்டும். தம்பி, அதை வீட்டில் செய்யாதீர்கள். நடு உச்சி நட்டைக் கழட்டினால் அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் உயிரையே வாங்கிவிடும். ஷாக் அப்சார்பரை ஸ்பிரிங்கோடு முழுசாகக் கழட்டி, ஸ்பிரிங் கம்ப்ரஸர் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோய் மாற்றி வாங்குங்கள். உச்சி நட் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஏர் கன்னால் அடிக்காமல், தண்டை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு கையால் முடுக்கச் சொல்லுங்கள். கன் அடித்தால் தண்டு உள்ளே கிறுகிறுவென்று சுழன்று சீல் கெட்டுப்போகும்.

இனி மாட்டுவது. எல்லா போல்ட்டையும் முதலில் விரலால் ஆரம்பித்துவிடுங்கள். நாலைந்து சுற்று விரலுக்கே போகவில்லை என்றால் மரை கோணலாக ஏறுகிறது, எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். மரை சுத்தமாக, எண்ணெய் இல்லாமல் இருக்கட்டும். நேற்று அடித்த துரு எண்ணெயையும் பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்துவிடுங்கள். மேனுவலில் தனியாகச் சொல்லாதவரை, அதில் கொடுத்திருக்கும் டார்க் காய்ந்த மரைக்கு உண்டானது. பால் ஜாயிண்ட் தண்டும் அது உட்காரும் ஓட்டையும்கூட எண்ணெய்ப் பசை இல்லாமல் இருக்க வேண்டும். துரு பிடிக்காமல் இருக்க ஏதாவது தடவ ஆசைப்பட்டால், முடுக்கி முடித்த பிறகு வெளியே நீட்டியிருக்கும் மரை மேல் தடவுங்கள்.

மரையைப் பூட்டும் பசையான லாக்டைட் போடலாமா என்றும் கேட்பீர்கள். மேனுவல் சொன்ன இடத்தில் மட்டும். நீல நிறம் பின்னால் ஸ்பேனருக்குக் கழலும். சிவப்பு நிறத்துக்கு 250 டிகிரி போலச் சூடு காட்ட வேண்டியிருக்கும், ரப்பர் புஷ் பக்கத்தில் அந்தச் சூடு ஆகாது. கம்பெனி போடாத இடத்தில் ஸ்பிரிங் வாஷர் சேர்ப்பதும் வேண்டாம். டன் கணக்கில் நெருக்கும் போல்ட்டுக்கு அடியில் அது தட்டையாக அமுங்கிவிடும், பூட்டாது. நெருக்கும் முகங்களில் கூடுதலாக ஒன்று சேர்ந்ததுதான் மிச்சம்.

இப்போது அந்த முக்கியமான விஷயம். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷை வெட்டிப் பார்த்தால் நடுவில் ஓர் இரும்புக் குழாய், அதைச் சுற்றி ஒட்டிய ரப்பர், வெளியே இன்னொரு இரும்பு வளையம். போல்ட்டை முடுக்கியதும் நடுக் குழாய் பாடியோடு இறுகி அசையாமல் நின்றுவிடும். அதற்குப் பிறகு ஆர்ம் மேலும் கீழும் போவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொடுப்பதால்தான். வேறு எதுவும் சுழல்வதில்லை. சக்கரம் காற்றில் தொங்கும்போது ஆர்ம் கீழே சாய்ந்திருக்கும். அந்த நிலையில் முடுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், ஆர்ம் மேலே வந்து, வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் ஈரத்துணியைப் பிழிந்தது போல முறுக்கிக்கொண்டு நிற்கும். இரவெல்லாம் ஷெட்டில் அப்படித்தான் நிற்கும். குழியில் சக்கரம் மேலே ஏறும்போது அதற்கு மேலும் முறுக வேண்டும். கொஞ்ச நாளில் நடுக்குழாயை ஒட்டிப் பிறை வடிவத்தில் விரிசல் தெரியும், விரலால் அழுத்தினால் உதடு போலத் திறக்கும். அந்தச் சமயத்தில் ஆர்ம் கம்பெனியைத் திட்டுவார்கள். ஆர்மில் குற்றம் இல்லை.

அதனால் ரப்பர் புஷ் வழியாகப் போகும் போல்ட்டுகளைத் தொங்கும் நிலையில் சும்மா பொருந்தும் அளவுக்கு மட்டும் முடுக்கி நிறுத்துங்கள். கடைசி டார்க், வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும்போதுதான். அதற்கு இரண்டு வழி. ஒன்று, சக்கரத்தை மாட்டி, கனமான பலகைகளை அடுக்கி நான்கு சக்கரத்தையும் ஒரே மட்டத்தில் அவற்றின் மேல் நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து கை நுழைத்து முடுக்குவது. இன்னொன்று, வண்டி ஸ்டாண்டிலேயே இருக்க, ஆர்மின் வெளி முனையில் பால் ஜாயிண்டுக்கு அடியில் மரத்துண்டு வைத்து ஜாக்கியால் மெதுவாகத் தூக்குவது. ஹப்பின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்துகொண்டே தூக்குங்கள். நீங்கள் முதலில் எழுதி வைத்த அளவு வந்ததும் நிறுத்தி முடுக்குங்கள். அந்த அளவு வருவதற்குள் பாடி ஸ்டாண்டை விட்டு எழும்பப் பார்த்தால் மேலே தூக்காதீர்கள், பலகை வழிக்கு மாறிவிடுங்கள்.

பால் ஜாயிண்ட் பிஞ்ச் போல்ட், ஷாக் அப்சார்பரை நக்கிளோடு சேர்ப்பவை, லிங்க் நட் ஆகியவற்றில் முறுகும் ரப்பர் இல்லை. அவற்றைத் தொங்கும் நிலையிலேயே முடித்துவிடலாம். லிங்க் நட்டை முடுக்கும்போது தண்டும் கூடவே சுற்றும். நடுவில் ஆலன் கீ வைத்துப் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பேனரால் முடுக்குங்கள். தண்டின் தோள் நன்றாக உட்கார்ந்த பிறகு பெரும்பாலும் சுற்றுவது நிற்கும், அப்போது டார்க் ரெஞ்ச் போடலாம்.

ரெஞ்ச் பற்றி. அரை இன்ச் டிரைவில், 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை உள்ள கிளிக் வகை இந்த வேலைக்குப் போதும். சில ஆயிரம் ரூபாய்தான், சக்கர நட்டுக்கே காலத்துக்கும் உதவும். மேனுவலில் அலகைப் பார்த்துவிட்டு வையுங்கள். 1 கிலோகிராம் மீட்டர் என்பது 9.8 நியூட்டன் மீட்டர், 1 பவுண்ட் அடி என்பது 1.36 நியூட்டன் மீட்டர். பிடியின் நடுவில் பிடித்து, வெட்டி இழுக்காமல் ஒரே சீராக இழுங்கள். ஒரு கிளிக் போதும். உறுதிக்கு இன்னும் இரண்டு முறை கிளிக் என்று அடிப்பது அதிகமாக முடுக்குவதுதான். முடிந்தவரை போல்ட் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள். கழட்டுவதற்கு இந்த ரெஞ்சை எடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்பி வையுங்கள்.

பாக்ஸ் ஸ்பேனரோடு நேர் எக்ஸ்டென்ஷன் ராடு சேர்த்தால் அளவு மாறாது. ரெஞ்சின் நீளத்தைக் கூட்டும் பக்கவாட்டு இணைப்பு போட்டால் மாறும். பிடியிலிருந்து டிரைவ் வரை 45 சென்டிமீட்டர், இணைப்பு நேராக முன்னால் 5 சென்டிமீட்டர் என்றால், 100 வேண்டிய இடத்துக்கு 90 வைக்க வேண்டும். நூறை 45ஆல் பெருக்கி 50ஆல் வகுப்பதுதான் கணக்கு. இணைப்பைச் செங்குத்தாகத் திருப்பி மாட்டினால் இந்தத் திருத்தம் தேவையில்லை.

ஒவ்வொன்றும் முடிந்தவுடன் நட்டிலிருந்து பாகம் வரைக்கும் பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு இல்லாதது இன்னும் முடுக்காதது. தூக்கி வைத்திருந்து, இறக்கி, மறுபடி முடுக்கும் வேலையில் ஒன்று விட்டுப்போவது சுலபம். பின்னாட்களில் கோடு விலகியிருந்தால் நட் நகர்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தாலே தெரியும்.

சக்கர நட்டுக்கு எண்ணெய் வேண்டாம், கிரீஸ் வேண்டாம். எதிரெதிராக முடுக்குங்கள், இரண்டு சுற்றாகப் பிரித்து. சின்ன வண்டிகளில் பொதுவாக 85க்கும் 120க்கும் நடுவே இருக்கும், உங்கள் வண்டியின் அளவை மேனுவலில் பாருங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு இவற்றை மட்டும் ரெஞ்ச் வைத்து மறுபடி பார்க்கவும். நைலாக் நட்டுகளையும் பிஞ்ச் போல்ட்டையும் சும்மா சும்மா தொட வேண்டாம், பெயிண்ட் கோட்டைப் பார்த்தால் போதும். பஞ்சர் கடையில் ஏர் கன்னால் சக்கரத்தை மாட்டிக் கொடுத்தால் வீட்டுக்கு வந்ததும் தளர்த்தி, சரியான அளவுக்கு முடுக்கிக்கொள்ளுங்கள்.

முதல் ஓட்டம் பக்கத்து ரோட்டில் மெதுவாக, ஜன்னலை இறக்கிவிட்டு. ஆள் இல்லாத இடத்தில் பிரேக்கை நாலைந்து முறை அழுத்திப் பாருங்கள். அப்புறம் நேராக வீல் அலைன்மென்ட் கடைக்கு. ஷாக் அப்சார்பரும் ஆர்மும் கழட்டினால் டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு), கேம்பர் (சாய்வு) இரண்டும் மாறியிருக்கும், அதோடு வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவிலோ திம்பத்தின் 27 வளைவிலோ ஏறினால் டயர்தான் தேயும். அலைன்மென்ட் செய்தவர் டை ராட் லாக் நட்டைத் திரும்ப முடுக்கினாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அவசரத்தில் பலரும் கையால் திருகியதோடு விட்டுவிடும் நட் அது. அங்கேயும் உங்கள் பெயிண்ட் கோடு ஒன்று போட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு அந்த டொக் சத்தம் மிச்சம் இருந்தால், போல்ட்டை மேலும் முடுக்கிப் பார்க்க வேண்டாம். வண்டி நின்றபடி ஸ்டீயரிங்கைச் சின்னதாக இடம் வலம் ஆட்டச் சொல்லி, பானெட்டைத் திறந்து ஷாக் அப்சார்பரின் உச்சி மேல் கை வையுங்கள். கைக்குத் தட்டு தெரிந்தால் மேல் மவுண்ட் அல்லது அதன் பேரிங். பழைய மவுண்ட்டையே திரும்பப் போட்டிருந்தால் பெரும்பாலும் அதுதான். உச்சியில் ஒன்றும் இல்லாமல் டை ராட் பக்கம் தட்டினால் உள் டை ராடு, இல்லாவிட்டால் ஸ்டீயரிங் ரேக். மவுண்ட் என்றால் மறுபடி ஸ்பிரிங்கைக் கழட்ட வேண்டிவரும், அதனால் இந்த வாரமே புது மவுண்ட் இரண்டும் வாங்கி, ஷாக் அப்சார்பரைப் பட்டறைக்கு எடுத்துப்போகும்போதே மாட்டிவிடுங்கள்.